ஜிஸ்ட் கட்டி: முதலில் மாத்திரையா, முதலில் ஆபரேஷனா?

புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்துவிட்டால், அதை மறுநாளே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றுதான் நோயாளியும் வீட்டாரும் துடிப்பார்கள். அந்தத் துடிப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரைப்பையிலும் குடலிலும் வரும் ஜிஸ்ட் என்ற அரிய கட்டியைப் பொறுத்தவரை, ஆபரேஷனை ஆறேழு மாதம் தள்ளிவைத்து மாத்திரை கொடுத்ததால் இரைப்பை முழுவதும் போகாமல் தப்பியவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எடுத்திருக்கக்கூடிய சிறு கட்டிக்கு வீணாக மாத்திரை சாப்பிட்டு நாளைக் கடத்தியவர்களும் இருக்கிறார்கள். இவற்றுள் தம் நிலை எது என்பதை ஒரு குடும்பம் மருத்துவரோடு உட்கார்ந்து எப்படிக் கேட்டுத் தெளிவது என்பதே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். என் அத்தைக்கு இந்த நோய் வந்தபோது, ஸ்கேன் படங்களைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மருத்துவமனைகளின் படியேறியவன். அப்போது யாராவது இதை வரிசையாகச் சொல்லியிருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

கட்டியின் குணம்

செரிமானப் பாதையின் சுவரில், தசைகள் தாளம் தப்பாமல் அசைவதற்குத் துணைநிற்கும் கஹால் செல்கள் என்பவை இருக்கின்றன. அவற்றின் வழியில் தோன்றும் கட்டியே ஜிஸ்ட். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு மட்டுமே இது வருகிறது. வருவதில் பாதிக்கும் மேல் இரைப்பையிலும், சுமார் மூன்றில் ஒரு பங்கு சிறுகுடலிலும், மிச்சம் மலக்குடல் முதலிய இடங்களிலும் இருக்கும். இரைப்பையின் உட்சவ்வில் தோன்றும் வழக்கமான புற்றுநோயிலிருந்து இது முற்றிலும் வேறானது. நிணநீர்க் கணுக்களுக்கு இது அரிதாகவே பரவும். பரவினால் கல்லீரலுக்கும் வயிற்று உறைக்கும்தான் போகும். வழக்கமான கீமோதெரபிக்கும் கதிர்வீச்சுக்கும் இது பெரிதாக மசிவதில்லை.

எதற்கு மசியும் என்பது 1998-இல் தெரிய ஆரம்பித்தது. ஜப்பானின் ஒசாகாவில் ஹிரோத்தாவும் உடன் பணியாற்றியவர்களும் இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு பழுதாகி, செல்லுக்கு "வளர், வளர்" என்று ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டே இருப்பதைக் கண்டறிந்தார்கள். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட இமாட்டினிப் என்ற மாத்திரை அந்தக் கட்டளையையும் அடைக்கும் என்று தெரிந்ததும், 2000-ஆம் ஆண்டில் ஃபின்லாந்தில், உடலெங்கும் ஜிஸ்ட் பரவிய ஒரு பெண்மணிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கின. அமெரிக்காவில் 2002-இல் இந்நோய்க்கு அது அனுமதி பெற்றது. ஆபரேஷனுக்கு முன்பே மாத்திரை கொடுக்கலாமே என்ற யோசனைக்கு அதற்குப் பிறகுதான் இடம் ஏற்பட்டது.

ஆனாலும் இமாட்டினிப் ஜிஸ்ட்டை அடக்குகிறதே ஒழிய, பெரும்பாலும் அடியோடு அழிப்பதில்லை. நோய் ஓரிடத்தில் நிற்கும்வரை, அதை முழுமையாக நீக்கும் வழி ஆபரேஷன் ஒன்றே. எனவே மாத்திரையா ஆபரேஷனா என்பதல்ல பிரச்சினை. ஆபரேஷன் எப்போது என்பதே பிரச்சினை.

நேரே ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர்கள்

கட்டி சிறியதாகவும், உறுப்பின் ஒரு ஓரத்தில் இருப்பதாகவும், சுற்றியுள்ள சிறு பகுதியோடு சேர்த்துச் சுத்தமாக எடுக்கக்கூடியதாகவும் இருந்தால் தாமதிக்கக் காரணமே இல்லை. இரைப்பையின் பக்கவாட்டில் 4 சென்டிமீட்டர் கட்டி என்றால், அந்த இடத்தை மட்டும் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார்கள். வழக்கமான இரைப்பைப் புற்றுநோயில் செய்வதுபோல நிணநீர்க் கணுக்களைக் கூட்டமாக அகற்ற வேண்டியதில்லை. சிறுகுடலின் நடுப்பகுதியில் இருக்கும் கட்டியையும் அந்தத் துண்டோடு எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைக்கலாம். நான்கைந்து அங்குலக் குடல் போனால் வாழ்க்கை மாறிவிடாது. இத்தகையவர்களுக்கு முன்கூட்டியே பயாப்சிகூடப் பல சமயம் தேவைப்படாது, ஏனெனில் எடுத்த கட்டியே சோதனைக்குப் போகிறது. இரைப்பையில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தற்செயலாகக் கண்ணில் பட்ட கட்டியைச் சிலருக்கு எடுக்காமலே, எண்டோஸ்கோபி வழியே செய்யும் அல்ட்ராசவுண்டால் அவ்வப்போது கண்காணித்து வருவதும் வழக்கம்.

வேறு ஒரு கூட்டமும் நேரே ஆபரேஷனுக்குத்தான் போகும், மனமிருந்தாலும் இல்லாவிட்டாலும். மலம் தார்போலக் கறுத்துப் போய், தலை சுற்றி விழுந்து, ஹீமோகுளோபின் சரிந்து வருபவர், குடல் அடைத்துக்கொண்டவர், கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிபவர். எண்டோஸ்கோபியாலோ இரத்தக்குழாயை அடைத்தோ கசிவை நிறுத்த முடிந்தால் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம். முடியாவிட்டால் மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க நேரம் இல்லை.

முதலில் மாத்திரை யாருக்கு

கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: இன்றே எடுத்தால் கட்டியோடு சேர்ந்து எந்த உறுப்பு போகும்? அறுவை நிபுணரிடம் நேராக இப்படியே கேட்கலாம்.

இரைப்பையின் மேல்வாயில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தில் கட்டி உட்கார்ந்திருந்தால், இன்றைய ஆபரேஷனில் இரைப்பை முழுவதும் போகலாம். மலக்குடலின் அடியில் இருந்தால் ஆசனவாயின் சுருக்குத்தசை போய், ஆயுள் முழுவதும் வயிற்றில் பை கட்டிக்கொள்ள நேரலாம். இரைப்பையை அடுத்த டியோடினத்தில் இருந்தால், கணையத்தின் தலை, பித்தக்குழாய், டியோடினம் மூன்றையும் சேர்த்து எடுக்கும் விப்பிள் என்ற பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். கட்டி 10 சென்டிமீட்டரைத் தாண்டி, மண்ணீரலையும் கணையத்தையும் ஒட்டி நிற்கும்போது அவற்றையும் பறிகொடுக்க வேண்டிவரலாம். இந்த நான்கு நிலைகளிலும், 6 முதல் 12 மாதம் மாத்திரையால் கட்டியைச் சுருக்கிவிட்டு எடுத்தால் பறிபோவது குறையும் என்பதே முன்சிகிச்சையின் நியாயம்.

பெரிய கட்டிகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஜிஸ்ட் பல சமயம் பழுத்த பப்பாளியைப் போல மெத்தென்று, இரத்தம் நிறைந்து இருக்கும். எடுக்கும்போது உறை கிழிந்து உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்திவிட்டால், நோய் திரும்பும் வாய்ப்பு மிகவும் உயர்ந்துவிடுகிறது. அப்படிக் கிழிந்தவரை, கட்டியின் மற்ற அளவுகள் என்னவாக இருந்தாலும், அதிக ஆபத்துப் பிரிவில்தான் வைப்பார்கள். மாத்திரையால் இரத்த ஓட்டம் குறைந்து சுருங்கிய கட்டியைக் கையாள்வது எளிது.

இதற்கு ஆதாரம் எவ்வளவு என்று கேட்பது நியாயமே. பெரும்பாலான ஆதாரம், எல்லாரும் முன்சிகிச்சை பெற்ற ஒற்றைக் குழு ஆய்வுகளிலிருந்தும் மருத்துவமனைப் பதிவுகளிலிருந்தும் வந்தது. சீட்டுப் போட்டு ஒரு பாதிக்கு மாத்திரை, மறுபாதிக்கு உடனடி ஆபரேஷன் என்று பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வுகளிலிருந்து அல்ல. ஜப்பானும் தென் கொரியாவும் சேர்ந்து, இரைப்பையில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்த 53 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் ஒன்பது மாதம் இமாட்டினிப் கொடுத்தபின் 91 சதவீதத்தினருக்குக் கட்டியை எச்சமின்றி நீக்க முடிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பாதி இரைப்பையாவது மிஞ்சியது. இவ்வளவு பெரிய கட்டிகளில் இது நல்ல விளைவுதான். ஆயினும் இதைக் காட்டி, 5 சென்டிமீட்டர் கட்டியை எளிதில் எடுக்கக்கூடியவரையும் மாத்திரைக்கு அனுப்புவது சரியாகாது என்பது என் கருத்து.

என் அத்தைக்கு டியோடினத்தில் 7 சென்டிமீட்டர். முதலில் பார்த்த இடத்தில் அடுத்த வாரமே விப்பிள் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த இளம் அறுவை நிபுணர்தான் மாத்திரையைப் பற்றிப் பேசினார். அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, கட்டிய வயித்துல வச்சுக்கிட்டு ஆறு மாசம் சும்மா இருக்கச் சொல்றீங்களே, அது சும்மா இருக்குமா?" அவர் சிரிக்கவில்லை. "நாமளும் சும்மா இருக்கப் போறதில்லம்மா. தெனம் அதை அடிச்சுக்கிட்டேதான் இருப்போம். அடி விழலைன்னு ஸ்கேன்ல தெரிஞ்சா, ஆறு மாசம்லாம் காத்திருக்க மாட்டேன், உடனே எடுத்துடுவேன்" என்றார். முன்சிகிச்சையின் ஒப்பந்தம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது.

மாத்திரைக்கு முன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

நேரடி ஆபரேஷனுக்குப் பயாப்சியைத் தவிர்க்கலாம். மாத்திரை தொடங்குவதென்றால் தவிர்க்கவே கூடாது. ஸ்கேனில் ஜிஸ்ட் போலத் தெரிவது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவோ, சாதாரண தசைக் கட்டியாகவோ இருக்கலாம். அவற்றுக்கு இமாட்டினிப் கொடுத்துப் பயன் இல்லை. பயாப்சியை எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டின் வழியே உள்ளிருந்து எடுப்பதையே விரும்புவார்கள், ஏனெனில் வெளியிலிருந்து ஊசி குத்தினால் கட்டி சிந்தும் அபாயம் சற்று உண்டு. உள்வழியில் எட்டாத இடமென்றால் வெளியிலிருந்து எடுப்பதும் தவறில்லை.

பேத்தாலஜி அறிக்கையில் சி.டி.117, டாக்-1 என்ற இரண்டு சாயச் சோதனைகளும் "பாசிட்டிவ்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைக் காட்டும் மைட்டாசிஸ் எண்ணிக்கை, 5 சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்று எழுதியிருக்க வேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு எடுக்கும் கட்டியில் இந்த எண்ணிக்கை பொய்யாகக் குறைந்துவிடும் என்பதால், பழைய பயாப்சித் தாளில் இருப்பதுதான் பின்னாளில் நம்பத் தகுந்த ஒரே எண்ணாக நிற்கும். ஊசியில் வரும் துணுக்கு சிறியதென்பதால் அதுவும் குறைத்துக் காட்டலாம், ஆனால் இல்லாததற்கு அது மேல்.

மூன்றாவது தாள் மரபணுச் சோதனை. இதைப் பலர் செலவென்று ஒதுக்குகிறார்கள். எனக்கோ இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தாளாகத் தோன்றுகிறது. கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் பழுது இருந்தால் இமாட்டினிப் மிக நன்றாக வேலை செய்யும்; ஜிஸ்ட் நோயாளிகளில் பெரும்பான்மையோர் இந்த வகையினரே. எக்ஸான் 9-இல் பழுது இருந்தால், அது பெரும்பாலும் குடல் கட்டியாக இருக்கும், வழக்கமான 400 மில்லிகிராம் போதாமல் 800 மில்லிகிராம் தேவைப்படுமா என்று கேட்க வேண்டும். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ என்ற வேறு மரபணுவில் டி842வி என்ற பழுது இருந்தால், இமாட்டினிப் அந்தக் கட்டியைத் தொடவே தொடாது. அப்படிப்பட்டவருக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பது ஆறு மாதத்தை வீணாக்குவதே. அவருக்கு ஆபரேஷன் முடியுமென்றால் அதுவே முதல் வழி, முடியாத நிலையில் அவாப்ரிட்டினிப் என்ற வேறு மருந்து இருக்கிறது, அது அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்றது. இளம் வயதினரின் இரைப்பையில் வரும், எஸ்.டி.எச். என்ற நொதி குறைபட்ட வகையும், தோலில் காப்பி நிறத் திட்டுகளோடு வரும் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் நோயாளிகளின் ஜிஸ்ட்டும் இமாட்டினிப்புக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை.

நடைமுறையில் ஒரு விஷயம். மரபணுச் சோதனைக்கு, பயாப்சித் திசுவை வைத்திருக்கும் மெழுகு பிளாக் வேண்டும். முதல் மருத்துவமனையில் அதைக் கேட்டபோது, அறிக்கைதான் கொடுத்துவிட்டோமே என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை, சோதனைக்கு எழுதிக் கொடுத்த மருத்துவரின் கடிதத்தோடு போய் நின்ற பிறகே பிளாக் கிடைத்தது. ஆகவே பயாப்சி எடுக்கும் நாளிலேயே, பிளாக்கும் ஸ்லைடும் வேண்டியிருக்கும் என்று எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது.

மாத்திரை சாப்பிடும் மாதங்கள்

வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், ஒரே வேளை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் தாங்காது. அன்றைய பெரிய சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். அத்தை மதியச் சாப்பாட்டின் மோர் சாதத்துக்குப் பிறகு என்று நேரம் வைத்துக்கொண்டார். ஏழெட்டு மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லை. காலையில் எழுந்தால் கண் இமைகள் அழுதவரைப் போல வீங்கியிருக்கும். அது நோய் முற்றியதன் அடையாளம் இல்லை, இந்த மருந்தின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. கெண்டைக்கால் பிடித்திழுத்தல், வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, சோர்வு ஆகியவையும் வரும். இரத்த அணுக்களும் கல்லீரல் அளவுகளும் குறையவோ ஏறவோ கூடுமென்பதால் தொடக்க மாதங்களில் அடிக்கடி இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். கருவுற்றிருப்பவர்களுக்கு இம்மருந்து ஆகாது, குழந்தை பெறும் வயதில் உள்ளவர்கள் கருத்தடை பற்றி முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

வேறு மாத்திரைகளோடு இது சண்டை போடும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயினும் கார்பமசெபைனும் இமாட்டினிப்பை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். நோயாளி தினமும் மாத்திரை விழுங்குவார், கட்டிக்குப் பாதிதான் போய்ச் சேரும். பூஞ்சைக்கான சில மருந்துகளும் கிரேப்ஃப்ரூட்டும் அதற்கு நேர்மாறாக அளவை ஏற்றிவிடும். அதன் உறவான பம்பளிமாஸையும் ஒதுக்கிவைப்பதே மேல். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரும், நாட்டு மருந்தோ லேகியமோ சாப்பிடுபவரும் அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த மருந்து கட்டுப்படியாகும் விலைக்கு வந்ததில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. பழைய மருந்தின் புது வடிவத்துக்குப் பலன் கூடினாலொழியக் காப்புரிமை இல்லை என்னும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. கடைசியாக, காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பளித்தது. அந்நாளில் நிறுவனத்தின் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய் என்றும், இந்திய நிறுவனங்களின் மருந்து சுமார் 10,000 ரூபாய்க்குள் என்றும் பேசப்பட்டது. மருந்துக் கடையில் "ஜெனரிக் வேண்டாம், ஒரிஜினல்தான் வேண்டும்" என்று கடன் வாங்கிக் கேட்பவரைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவசியம் இல்லை. நல்ல தரத்தில் உள்ள ஜெனரிக்கை மருத்துவரிடம் கேட்டு, இடையில் மாற்றாமல் தொடர்ந்து சாப்பிடுவதே முக்கியம். அரசுக் காப்பீட்டில் மாத்திரைக்கும் ஆபரேஷனுக்கும் தனித்தனியாக எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து வேலை செய்கிறதா என்று ஸ்கேனில் படிப்பது

முதல் ஸ்கேனை மாத்திரை தொடங்கி ஒன்று, இரண்டு மாதங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். அவசரமாகத் தெரிய வேண்டிய நிலையில், கட்டி எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் இரண்டு முதல் நான்கு வாரத்திலேயே பதில் சொல்லிவிடும். ஆனால் மாத்திரைக்கு முன்பு ஒன்று எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

இங்கேதான் வீட்டார் அதிகம் கலங்குகிறார்கள். அறிக்கையின் கடைசி வரியில் "அளவில் பெரிய மாற்றம் இல்லை" என்றிருந்தால் மருந்து தோற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜிஸ்ட் முதலில் சுருங்குவதற்குப் பதிலாக உள்ளே இறந்து, நீர் கோத்து, ஜெல்லிபோலாகும். சில சமயம் உள்ளே இரத்தம் கசிந்து அளவு கொஞ்சம் கூடவும் செய்யும். எனவே சி.டி. ஸ்கேனில் கட்டியின் அடர்த்தியையும் பார்ப்பார்கள். அதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் குறிப்பார்கள். சோய் அளவுகோல் என்று கதிரியக்க மருத்துவர்கள் சொல்லும் விதிப்படி, அளவு 10 சதவீதம் குறைந்தாலும் போதும், அடர்த்தி 15 சதவீதம் குறைந்தாலும் போதும், மருந்துக்குக் கட்டி இணங்குகிறது என்றே கொள்ள வேண்டும். அத்தையின் முதல் ஸ்கேனில் 7 சென்டிமீட்டர் 6.8 ஆகியிருந்தது, எங்கள் முகம் தொங்கிவிட்டது. மருத்துவரோ விரலை வேறு வரியில் வைத்தார்: அடர்த்தி 84-லிருந்து 47-க்கு இறங்கியிருந்தது. படத்திலும் தெரிந்தது, வெளுப்பாக இருந்த உருண்டை சாம்பல் நிறத்துக்கு மங்கியிருந்தது. இந்த ஒப்பீடு பொய்க்காமலிருக்க, கூடியவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் சாய மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கட்டி வளர்ந்து அடர்த்தியும் குறையாமல் இருந்தாலோ, மங்கிய கட்டிக்குள் புதிதாக ஒரு வெளுத்த முடிச்சு முளைத்தாலோ மருந்து செல்லவில்லை என்று பொருள். அப்போது உடன்படிக்கைப்படி ஆபரேஷனுக்குத் திரும்பிவிட வேண்டும். மாதக் கணக்கில் நன்றாக இருந்துவிட்டு ஒரு நாள் கறுப்பு மலமோ திடீர் வயிற்று வலியோ வந்தாலும் மறுநாள் வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மருந்தால் இறந்த கட்டிக்குள்ளும் இரத்தம் கசியும்.

எப்போது நிறுத்தி எடுப்பது

சுருக்கம் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் அதன் எல்லையைத் தொட்டுவிடும். அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன்களில் மாற்றம் நின்றுவிட்டால், அதுவே நாள் குறிக்கும் நேரம். "நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் சாப்பிட்டால் முழுவதும் கரைந்துவிடும்" என்ற ஆசை எல்லார் வீட்டிலும் எழும். அது நடப்பதில்லை. நோய் பரவியவர்களிடம், இமாட்டினிப்புக்குக் கட்டி பழகிப்போய் மீண்டும் வளரத் தொடங்குவது பாதிப் பேருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் நேர்கிறது. எடுக்கக்கூடிய கட்டியை அந்த எதிர்ப்பு தோன்றும்வரை வயிற்றில் வைத்திருப்பதில் நன்மை இல்லை.

மாத்திரையை ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்புவரை சாப்பிடலாம். அடைபட்டிருந்த கட்டளை திரும்பிவிடக் கூடாது என்பதால் வாரக் கணக்கில் நிறுத்திவைக்க மாட்டார்கள். தேதி தள்ளிப்போனால் மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். எங்களுக்கு இரத்தம் கிடைக்காமல் பத்து நாள் தள்ளியபோது, நாங்களாகவே நிறுத்தியிருந்ததை மருத்துவர் கண்டித்தார். ஜிஸ்ட் ஆபரேஷன் அடிக்கடி செய்யும் கைகளைத் தேடிப் போவது இங்கே பலன் தரும். உறையைக் கிழிக்காமல் எடுப்பதும், லேப்ராஸ்கோபியில் எடுத்தால் பைக்குள் போட்டு வெளியே கொண்டுவருவதும் பழக்கத்தால் வரும் திறமைகள். அறுவை நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர், கதிரியக்க மருத்துவர், பேத்தாலஜிஸ்ட் எல்லாரும் கூடிப் பேசும் டியூமர் போர்டு இருக்கும் மருத்துவமனையானால், உங்கள் கோப்பு அதில் வைக்கப்பட்டதா என்று கேட்கலாம்; கேட்பதைத் தவறாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

எட்டாவது மாதத்தில் அத்தையின் கட்டி 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தது. கணையத்தைத் தொடாமல் டியோடினத்தின் ஒரு பகுதியை மட்டும் நீக்கி இணைத்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் மாத்திரை

கட்டி போய்விட்டதே, இனி மாத்திரை எதற்கு என்ற கேள்விக்கு 2012-இல் வெளியான, ஸ்காண்டிநேவிய நாடுகளும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய ஆய்வு பதில் தருகிறது. நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள 400 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஓராண்டும் மறுபிரிவுக்கு மூன்றாண்டும் இமாட்டினிப் கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் ஓராண்டுப் பிரிவில் 81.7 சதவீதம், மூன்றாண்டுப் பிரிவில் 92 சதவீதம். முன்சிகிச்சை பெற்றவர்களைப் பொதுவாக அதிக ஆபத்துப் பிரிவாகவே எண்ணி, ஆபரேஷனுக்கு முன் சாப்பிட்ட மாதங்களையும் சேர்த்து மூன்றாண்டு என்று பல மையங்கள் கணக்கிடுகின்றன. வாயால் சாப்பிடத் தொடங்கிக் குடல் இயங்கியதும், ஓரிரு வாரத்தில் மாத்திரையை மறுபடி ஆரம்பிப்பார்கள். நேரே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, எடுத்த கட்டியின் அளவு, மைட்டாசிஸ் எண்ணிக்கை, இருந்த இடம், உறை கிழிந்ததா என்ற நான்கையும் வைத்துத் தேவையா இல்லையா என்று முடிவு செய்வார்கள். ஒரே அளவு, ஒரே எண்ணிக்கை என்றாலும் இரைப்பையில் இருந்த கட்டியைவிடக் குடலில் இருந்த கட்டிக்கு ஆபத்து அதிகம்.

மூன்றாண்டு முடிந்து மாத்திரையை நிறுத்தும் நாளைக் குடும்பமே கொண்டாடும். நோய் திரும்புவதாக இருந்தால் அதற்குப் பின்வரும் ஓரிரு ஆண்டுகளில்தான் பெரும்பாலும் திரும்புகிறது. அதனால் அந்தக் காலத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எழுதுவார்கள். தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, பழைய படங்களையும் முதல் பயாப்சித் தாளையும் ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.